கண்டக்டரய்யா வீட்டு மாடியும் பாதி விலையும்

1. காலையில் வந்த சண்டை

சோலார் பேனல் மாட்டும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, ஷாக் அடிக்குமா?" என்றுதான். கவனம் தப்பினால் அடிக்கும். ஆனால் இந்தத் தொழிலில் அதைவிட ஆளை நடுங்கவைக்கும் ஒன்று உண்டு. அது விலை குறைவது. ஒருவருக்கு ஒரு விலைக்கு மாட்டியிருப்போம். கொஞ்ச காலம் கழித்து அவருடைய எதிர்வீட்டுக்குப் பாதி விலை சொல்லுவோம். அந்த முதல் ஆள் கடைக்கு வந்து நிற்பார். என்ன பதில் சொல்வது?

எங்கள் கடை ஒத்தக்கடையில், மேலூர் ரோட்டை ஒட்டி இருக்கிறது. முதலாளி ராசு அண்ணன். முன்பு ஜன்னல் கிரில், கேட் செய்துகொண்டிருந்த கடை. நான் அங்கே வெல்டர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எல்லாரும் மாடியில் சோலார் போட ஆரம்பித்ததும், "பேனலத் தாங்குறதுக்கும் இரும்புதானடா வேணும்" என்று சொல்லி ராசு அண்ணன் தொழிலை மாற்றினார். நானும் கூடவே மாறினேன். பேச்சு அவருடையது, வேலை என்னுடையது. வீட்டுக்காரர்களிடம் பேச எனக்குக் கூச்சம். ஒருவர் என்னிடம் ஏதாவது கேட்டால் கையில் இருக்கும் ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்லுவேன்.

அன்று காலை ராசு அண்ணன் மின்வாரிய அலுவலகத்துக்குப் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். எங்கள் முதல் வாடிக்கையாளர் சோலைமலை ஐயா வந்து வண்டியை நிறுத்தினார். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கூட்டத்துக்குள் சத்தம் போட்டே பழகிய குரல். டீக்கடை வரைக்கும் கேட்கும்.

"எங்கடா உங்க மொதலாளி?"

"ஈபி ஆபீஸுக்குப் போயிருக்காருய்யா. உக்காருங்க, டீ சொல்றேன்."

"டீயக் கொண்டுபோயி வைகையில ஊத்து. இது என்னான்னு பாரு."

செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அவருடைய எதிர்வீட்டுக்கு நாங்கள் அனுப்பியிருந்த கொட்டேஷன். அதே மூன்று கிலோவாட். அவர் கொடுத்ததில் ஏறக்குறையப் பாதி.

"அதே மூணு கிலோவாட்டு, அதே வெயிலு. எனக்கு மட்டும் இம்புட்டு, அவனுக்கு அம்புட்டுத்தானா? நான் என்ன, டிக்கெட்டுக்கு மேல லக்கேஜும் சேத்துக் குடுத்தேனா? ஞாயித்துக்கிழமை காலனியில மீட்டிங் இருக்கு, தெரியும்ல? அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொல்றேன், நீங்க எப்பேர்ப்பட்ட ஆளுகன்னு!"

மீட்டிங் எனக்குத் தெரியும். அவருடைய காலனியில் முக்கால்வாசி வீடுகள் ஒன்றாகச் சேர்ந்து சோலார் போடுவதாக இருந்தார்கள். எந்தக் கடைக்குக் கொடுப்பது என்று அன்றுதான் முடிவு. எங்களுக்கு எதிர்ச்சாரியில் கார்மேகம் கடை போட்டிருந்தான். என்னோடு ஒரே பட்டறையில் வெல்டிங் அடித்தவன், மாப்ள மாப்ள என்று கூப்பிடுவான். அவன் வந்த பிறகு எங்களுக்கு ஆர்டர் பாதியாகிவிட்டது. முந்தின வாரம்தான் ராசு அண்ணன் சொல்லியிருந்தார்: "வீரணா, காலனி ஆர்டரும் போச்சுன்னா ஷட்டர எறக்கிட்டு ஆளுக்கொரு பக்கமாப் போக வேண்டியதுதான். நீ திருப்பூர்ல உன் மச்சினன் வேல பாக்குற எடத்துல கேட்டு வையி."

எனக்குத் திருப்பூர் போக விருப்பம் இல்லை. கண்டக்டரய்யா முகத்தைப் பார்க்காமல் ஸ்பேனரைப் பார்த்தேன். கடைசியில், "நாளைக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்ல மாட்டுறோம்யா. கூட வாங்க, பாருங்க. பாத்துட்டு அப்புறம் வையிங்க" என்றேன்.

"வண்டியில மூணு பேரு உக்காரலாமா?"

"முன்சீட்டு உங்களுக்குத்தான்யா."

"அப்ப வாரேன். வாரது உன்ன வையத்தான், தெரிஞ்சுக்க" என்று வண்டியைக் கிளப்பினார்.

2. அவர் வீட்டில் நடந்தது

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அது புரிய அவர் வீட்டில் நாங்கள் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும்.

அவர் வீட்டு மாடிப்படி நடுவில் திரும்பும். அந்தத் திருப்பத்தில் பேனல் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கடைசியில் கயிறு கட்டி வெளிப்பக்கமாக ஒவ்வொன்றாகத் தூக்கினோம். பாதிநாள் அதற்கே போனது. இரும்புக் குழாய்களை முழு நீளத்தோடு மேலே ஏற்றி, மாடியில் வைத்து அளந்து, அறுத்து, வெல்டிங் அடித்தோம். வீட்டுக்கார அம்மா காயப்போட்டிருந்த சேலையில் நெருப்புப் பொறி விழுந்து ஓட்டை. தளத்தில் துளைபோட்டு போல்ட் இறக்கினோம். அடுத்த மழையில் அடுப்படியில் சொட்டியது. மறுபடியும் போய் எல்லாவற்றையும் கழற்றி, தார்ப்பூச்சு அடித்துக் கொடுத்தோம். வயரைக் கண்ணளவில் வாங்கினோம், பத்தவில்லை. திரும்ப மதுரைக்குள் டவுன்ஹால் ரோட்டுக்குப் போய் வாங்கினோம். மின்வாரியத்துக்கு ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு நடை.

இதெல்லாம் போதாது என்று கடைசியில் ஒரு வினை. எல்லாம் முடிந்து ஸ்விட்ச் போட்டால், வர வேண்டிய கரண்டு வரவில்லை. நல்ல உச்சி வெயில். இன்வெர்ட்டர் திரையில் எண் ஏறவே மாட்டேன் என்கிறது. கனெக்டரை எல்லாம் கழற்றி மாட்டினோம். வயரைத் தடவித் தடவிப் பார்த்தோம். ராசு அண்ணன் சென்னையில் கம்பெனிக்குப் போன் போட்டு, இந்தியும் தமிழும் கலந்து ஒரு மணிநேரம் பேசினார். ஒன்றும் நடக்கவில்லை. கண்டக்டரய்யா கீழே இன்வெர்ட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவருடைய மனைவி பேச்சியம்மாள் குளித்துவிட்டு மாடிக்கு வந்தார். ஸ்விட்ச் போடுவதற்கு முன் நடந்த பூஜையில் அவர் ஒவ்வொரு பேனலுக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, குறுக்கே ஆளுயர மாலையும் போட்டிருந்தார். புது வண்டிக்குச் செய்வதுபோல. எங்களுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. நாங்களே தேங்காய் உடைத்து, சூடம் காட்டிக் கும்பிட்டவர்கள்தான். காய்ந்துபோன மாலையை எடுத்துவிட்டு, ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தார்.

கீழேயிருந்து சத்தம்: "ஏறுது! ஏறுதுடா! என்னடா பண்ணுனீங்க?"

நாங்கள் ஒன்றும் பண்ணவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அம்மா புதுச் சந்தனத்தைக் குழைத்து மறுபடியும் அப்ப ஆரம்பித்தார்.

"எறங்குது! டேய், எறங்குதுடா! பண்ணுனத நிப்பாட்டுங்கடா!"

அப்போதுதான் புரிந்தது. பேனல்கள் ஒரே வரிசையாகக் கோத்தவை. ஒன்றில் நாலு கட்டம் மறைந்தாலும் அந்தப் பேனல் சுணங்கும், அதோடு வரிசையும் சுணங்கும். பொட்டை அலுமினிய ஓரத்தில் வைக்கச் சொன்னோம். "சாமிக்கு நெத்தியில வைக்காம காதுலயா வைப்பாங்க?" என்று பேச்சியம்மாள் சண்டைக்கு வந்தார். "கரண்டு பில்லு உன் நெத்தியில வரும், பரவால்லயா?" என்றார் கண்டக்டரய்யா. ஓரத்தில் வைக்கப்பட்டது.

3. கார்மேகம் எங்களைப் படுத்திய பாடு

அந்த வீட்டுக்குப் பிறகு கார்மேகம் கடை திறந்தான். எங்களைவிடக் குறைத்துச் சொன்னான். ராசு அண்ணன் அன்று இரவு சாப்பிடவில்லை என்று அவர் வீட்டில் சொன்னார்கள். மறுநாள் எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

"பேனலு அவனுக்கும் ஒரே வெல, நமக்கும் ஒரே வெல. நாம எதக் கொறைக்கிறது? இரும்பக் கொறைச்சா ஆடிக் காத்துல பேனலு பக்கத்து ஊருக்குப் போயிரும். உங்க கூலியக் கொறைச்சா நீங்க அவன்கிட்டப் போயிருவீங்க. அப்ப மிச்சம் என்ன இருக்கு?"

அவரே பதிலும் சொன்னார்.

"வீணாப் போற நாளுதான்டா மிச்சம். அதக் கொறைங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. கிரில் கடையில் ஒரே மாதிரி ஜன்னல் நிறையச் செய்ய அச்சு வைத்துக்கொள்வோம். அதேபோலப் பேனல் சட்டத்துக்கும் கடைத் தரையிலேயே ஓர் அச்சு பண்ணினேன். குழாயை அதில் வைத்து அறுத்து, துளைபோட்டு, பெயிண்ட் அடித்துக் கட்டி எடுத்துப்போனால் மாடியில் போல்ட் முடுக்குவது மட்டுமே வேலை. தளத்தில் துளைபோடுவதை விட்டுவிட்டு சிமெண்ட் கட்டையில் கால்களை நிறுத்தினோம். மழை ஒழுகல் பேச்சே போய்விட்டது.

கார்மேகம் சும்மா இருப்பானா? ஒருநாள் எங்கள் வேலை நடக்கும் வீட்டுக்குப் பக்கத்து மாடியில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் நின்றான்.

"என்ன மாப்ள, தாகமா? செம்ப வாயில வைக்காம எங்க மாடியவே பாக்குற?"

"தண்ணி சூடா இருக்கு மாப்ள. ஆற வைக்கிறேன்."

பத்து நாளில் அவன் கடையிலும் அச்சு வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நானும் யோக்கியன் இல்லை. அவன் இரண்டு ஏணியைச் சாய்த்து, மேலே சாக்கு விரித்து, பேனலைச் சறுக்கு மரம்போல் இழுத்து மேலே ஏற்றுவதை அந்த வீட்டுக்கு எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, மறுநாளே நாங்களும் செய்தோம். படித் திருப்பத்தில் பேனல் மாட்டுவது அதோடு முடிந்தது. அவன் ஒன்று கண்டுபிடிப்பான், விலையைக் குறைப்பான். நாங்கள் அதையும் எடுத்துக்கொண்டு இன்னொன்றைச் சேர்ப்போம், விலையைக் குறைப்போம்.

பேனல் விலையும் இதற்கிடையில் இறங்கிக்கொண்டே வந்தது. அது எங்கள் கையில் இல்லை. ஆனால் பேனல் செய்கிற பேக்டரிகளிலும் இதே கதைதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அங்கேயும் ஒரு ராசு அண்ணன் சாப்பிடாமல் படுத்திருப்பார். அங்கேயும் ஒருவன் பக்கத்துப் பட்டறையை எட்டிப் பார்த்திருப்பான்.

4. முன்சீட்டில் கண்டக்டரய்யா

கண்டக்டரய்யா கடைக்கு வந்து சத்தம் போட்டதற்கு மறுநாள் விடிந்ததும் குட்டி யானை லாரியில் கிளம்பினோம். கண்டக்டரய்யா முன்சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஊரைத் தாண்டி மேற்கே போகப் போக அவருக்குப் பழைய ரூட் நினைவு வந்துவிட்டது. டிரைவர் செக்கானூரணியில் டீக்கு நிறுத்தியதும், "ரெண்டு நிமிசம்தான், வெரசா ஏறு!" என்று எங்களையே அதட்டினார்.

நாங்கள் போன வீடு மாடு வளர்க்கிறவர்களுடையது. பால் கறக்கும் மெஷினும் மாட்டுக்குச் சோளத்தட்டை வெட்டும் மெஷினும் ஓட்டக் கரண்டு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நாங்கள் ஏணியைச் சாய்த்துச் சாக்கை விரித்தோம். பேனல் சறுக்கிக்கொண்டு மேலே போனது. கண்டக்டரய்யா கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"எங்க வீட்ல ஏன்டா கயிறு கட்டித் தூக்குனீங்க?"

"உங்க வீட்லதான்யா படியில மாட்டுச்சு. அப்பத்தான் படி ஆகாதுன்னு தெரிஞ்சுச்சு."

மேலே வந்தார். சட்டங்களை எடுத்து வைத்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தோம்.

"வெல்டிங்கு எங்க?"

"கடையிலயே முடிச்சாச்சுய்யா. உங்க வீட்ல அம்மா சேலை எரிஞ்சுச்சுல்ல, அதுக்கப்புறம் மாடியில பொறி பறக்கவிடுறது இல்ல."

"அடுப்படியில ஒழுகுமே?"

"ஒழுகாதுய்யா. சிமெண்டுக் கட்டமேலதான் நிக்குது. அதுவும் உங்க வீட்ல..."

"போதும்டா. எங்க வீட்ல, எங்க வீட்ல! எங்க வீட்ல நீங்க செய்யாத தப்பு ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

கூட வந்த ஆட்கள் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் கேட்டதற்குப் பதில் அதில்தான் இருந்தது. வாயைத் திறந்து சொன்னேன். "இல்லய்யா. தெரியாதது பூராம் அங்கதான் தெரிஞ்சுக்கிட்டோம். நீங்க கூடக் குடுத்ததுல ஒரு பங்கு, அப்ப பேனல் வெல கூட இருந்துச்சு. மிச்சம் நாங்க பழகுன செலவு. ஏமாத்தணும்னு வாங்கல."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் மாடு திரும்பும் நேரத்துக்குள் வேலை முடிந்தது. வீட்டுக்காரப் பெண் கிண்ணத்தில் சந்தனத்தோடு படியேறி வந்தார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் தொட்டிப் பக்கமிருந்து குரல் வெடித்தது.

"ஏ தாயி! நிப்பாட்டு! கண்ணாடியில வைக்காத. ஓரத்துல சட்டத்துல வையி. நடுவுல வச்சா கரண்டு படுத்துக்கும். என் வீட்டுக்காரி வச்சு நாங்க பட்டது போதும்!"

"அப்படியாங்க? நீங்க இஞ்சினியருங்களா?"

கண்டக்டரய்யா ஒருமுறை என்னைப் பார்த்தார். "அதுக்கும் மேல" என்றார்.

5. மீட்டிங்

ஞாயிற்றுக்கிழமை காலனிப் பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம். ராசு அண்ணனும் நானும் ஒருபக்கம், கார்மேகம் மறுபக்கம். கண்டக்டரய்யா எழுந்தார்.

"இவங்ககிட்ட நான் ரெட்டிப்பு வெல குடுத்தேன். அது நெசம்" என்று ஆரம்பித்தார். ராசு அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "ஏன்னு போயிப் பாத்துட்டு வந்துட்டேன். என் மாடியிலதான் இவனுக தொழில் பழகியிருக்கானுக. அந்தப் பழக்கத்தாலதான் நீங்க பாதி வெலயில வாங்கப் போறீங்க. அதனால எதிர்வீட்டுக்காரன் எனக்கு தெனம் ஒரு வணக்கம் வைக்கணும். அம்புட்டுத்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆர்டர் கிடைத்ததுபோல ராசு அண்ணன் நிமிர்ந்தார். அப்போது சரசு அக்கா எழுந்தார். வீட்டிலேயே நாலு மெஷின் போட்டுத் தையல் தைப்பவர். எண்ணிப் பார்த்துத்தான் எதையும் செய்வார்.

"எல்லாஞ் சரி. இவருக்கு ஒரு வெல, எங்களுக்குப் பாதி. அப்ப இன்னும் ஒரு வருசம் பொறுத்தா இன்னும் கொறையும்ல? நான் ஏன் இப்ப போடணும்?"

அது எல்லார் மனதிலும் இருந்த கேள்வி. "அதெல்லாம் கொறையாதும்மா, இதுதான் கடைசி வெல" என்று ராசு அண்ணன் அவசரமாகச் சொன்னார். கார்மேகமும் வேகமாகத் தலையாட்டினான். வாழ்க்கையிலேயே இருவரும் ஒத்துப்போன ஒரே இடம்.

சரசு அக்கா அவர்களைப் பார்க்கவில்லை. "வேல செய்யிறவரு நீங்கதான? நீங்க சொல்லுங்க" என்று என்னைக் கேட்டார்.

கையில் ஸ்பேனர்கூட இல்லை. "கொறையும்க்கா" என்றேன்.

ராசு அண்ணன் என் தொடையில் கிள்ளினார். வலித்தது. ஆனாலும் தொடங்கிவிட்டேன். "எம்புட்டுன்னு தெரியாது. ஆனா தானாக் கொறையாதுக்கா. நானும் கார்மேகமும் ஒவ்வொரு மாடியாப் போட்டுப் போட்டுத்தான் கொறைச்சோம். எல்லாரும் கொறையட்டும்னு உக்காந்துட்டா நாங்க எந்த மாடியில பழகுறது? நான் திருப்பூருக்குப் போயிருவேன். அப்புறம் யாரு கொறைக்கிறது?"

அதோடு உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டரய்யாதான் மிச்சத்தைப் பிடித்துக்கொண்டார். "காலி பஸ்ஸு வந்தாத்தான் ஏறுவேன்னு ஸ்டாப்புல நிக்கிறவுக உண்டு. நான் ராத்திரி டிரிப்பு முடிச்சு டெப்போவுக்குப் போகும்போதும் அங்கேயே நிப்பாக. பில்லு மாசாமாசம் வருதுல்ல? அத யாரு கட்டுறது?"

பேச்சு நெடுநேரம் நடந்தது. முடிவு இது: வடக்குச் சாரி எங்களுக்கு, தெற்குச் சாரி கார்மேகத்துக்கு. யார் வேலை நன்றாக இருக்கிறதோ, காத்திருக்கும் வீடுகள் பிறகு அவர்களுக்கு. "எங்களையே மோதவிட்டுப் பாக்குறீங்களே" என்று ராசு அண்ணன் புலம்பினார். ஆனால் ஷட்டரை இறக்கும் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. அந்த இரண்டு சாரியிலும் நானும் கார்மேகமும் எதிரெதிர் மாடியில் நின்று வேலை பார்த்தோம். ஒளிந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

சரசு அக்கா சொன்னபடியே காத்திருந்தார். மறுவருடம் எங்களிடம் வந்தபோது விலை இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஸ்விட்ச் போட்ட அன்று பார்க்க வந்திருந்த கண்டக்டரய்யாவிடம் அவரே சொன்னார். "அண்ணே, நீங்க கூடக் குடுத்ததுலயும் இந்தத் தெருவு குடுத்ததுலயும் எனக்கும் ஒரு பங்கு வந்துருச்சு போல."

"வந்துச்சுல்ல? என் வீட்டுக்காரிக்கு ஒரு ஜாக்கெட்டு தச்சுக் குடு, சரியாப் போகும்."

"கூலி வாங்காமலா?"

"பாதிக் கூலி" என்றார் அவர்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். விலை குறைந்தால் பிழைப்புப் போய்விடும் என்று பயந்தேன். போகவில்லை. குறைந்த விலையில்தான் மாட்டுக்காரரும் தையல்காரரும் மாடியில் பேனல் ஏற்றினார்கள், எங்களுக்கு வேலை கூடியது. இனியும் குறையுமா என்று யாராவது கேட்டால் குறையும் என்றே சொல்லுங்கள். உங்களிடம் முதலில் அதிகம் கொடுத்தவர் சண்டைக்கு வந்தால் ஒளியாதீர்கள். வண்டியின் முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போய், அவர் பணம் எங்கே போனது என்று காட்டுங்கள்.